முத்துமாரி எந்தக் கம்பெனி ஆள்?

"அக்கா, மருந்து ரூம் மட்டும் வேண்டாம்க்கா. வேற எங்கன வேணும்னாலும் எழுதுங்க."

முத்துமாரி என் மேஜைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது காலை எட்டு மணிகூட ஆகியிருக்காது. கீழே அச்சகத்தில் மிஷினை ஓடவிட்டிருந்தார்கள். அது ஓடினால் எங்கள் மாடித் தரை காலுக்கடியில் மெல்ல அதிரும். மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் கையில் ஒரு வயர்கூடை, அதற்குள் எவர்சில்வர் தூக்கு. புளிச்சோற்று வாசனை வந்தது.

"பேக்கிங் மட்டும்னே எழுதிடுறேன். போதுமா?" என்றேன்.

"பெட்டி கட்டித்தான்க்கா பழக்கம். வெடிமருந்துல கை வச்சதே இல்ல. மருந்துக்குன்னா வீட்டுலயே இருன்னுட்டாக அவுக."

'அவுக' என்றால் அவள் புருஷன் கருப்பசாமி. லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவர்.

எழுதினேன். 'இவர் நம் ஆள். பெயர் முத்துமாரி. பேக்கிங் வேலை மட்டும் கொடுக்கவும்.' சங்கத்து முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, மை காயட்டும் என்று ஊதி, நாலாக மடித்துத் தூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "வாரேன்க்கா" என்று படியிறங்கிப் போனாள்.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த வாரம். மூன்று வாரமாகச் சங்கத்து ஆபீஸ் வேடிக்கைகளை எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேனே, அதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான். இனித் தள்ள இடமில்லை.

சீட்டுக்கார அக்கா

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தங்கலில் ஓர் அச்சகத்து மாடியில் ஒற்றை அறையில் இருந்தது எங்கள் காப்பீட்டுச் சங்கம். சின்னப் பட்டாசு ஆலை முதலாளிகள் தங்களுக்குள் சேர்ந்து வைத்துக்கொண்டது. ஒருவர் ஆலைக்கு ஆபத்து என்றால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து தாங்குவார்கள். வெளியாள் பங்கு கிடையாது. நான் அங்கே எழுத்தர், தட்டச்சர், காபி வாங்கி வருகிறவள் எல்லாம்.

வட்டாரத்தில் எனக்குச் சீட்டுக்கார அக்கா என்று பெயர். ஏலச்சீட்டு நடத்துகிறேன் என்று நினைத்து ஒரு பெரியம்மா மாசாமாசம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் சீட்டு வேறு. ஓர் ஆலை தீப்பிடித்தோ லைசென்ஸ் நின்றுபோயோ மூடிக் கிடந்தால், அங்கே வேலை பார்த்தவர்களைச் சங்கத்தின் மற்ற ஆலைகள் பகிர்ந்து எடுத்துக்கொள்ளும். இந்த ஆலை நாலு பேர், அந்த ஆலை ஆறு பேர் என்று. ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவது என் வேலை. கீழே அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை வெட்டி வாங்கி, பின்பக்கம் எழுதுவேன். ஒரு சீட்டுக்குப் பின்னால் முருகன் வேலின் நுனி இருக்கும், இன்னொன்றில் மயில் கழுத்து. முத்துமாரியின் சீட்டுக்குப் பின்னால் பாதித் தாமரை இருந்தது.

விருதுநகர் கிட்டங்கியில்

சங்கம் என் காலத்துக்கு மிகவும் முந்தியது. ஏதோ ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு, சின்ன ஆலைகளைக் காப்பீடு செய்ய யாரும் முன்வரவில்லையாம். ஏஜெண்டுகள் 'பட்டாசு' என்ற சொல்லைக் கேட்டதும் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். விருதுநகரில் ஒரு பருப்புக் கிட்டங்கியில், மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து பேசி, நாமே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வியாபாரத்தில் மகிமை என்று ஒரு பங்கு எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிப் பழகிய ஊருக்குப் பொதுவில் போட்டுப் பொதுவில் எடுப்பது புதிதில்லை.

அவர்களுடைய முதல் தீர்மானப் புத்தகத்தை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கதைப்புத்தகம் போல வாசித்தேன். ஊதா மை. பக்கத்துக்குப் பக்கம் சண்டை. ஆனால் சுவரும் கூரையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆட்களைப் பற்றிப் பேசியிருந்தார்கள். ஆலை மூடினால் அங்கே வேலை பார்த்தவர் வீட்டில் உலை நிற்கக் கூடாது. சீட்டு வாங்கிய ஆளைச் சங்கத்துக் குமாஸ்தா கையோடு கூட்டிப்போய், புது ஆலையின் வருகைப் புத்தகத்தில் பேர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதற்கடுத்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: 'சீட்டு வாங்கின ஆள் போய்ச் சேருகிற வரைக்கும் சங்கத்து ஆள்.'

சங்கத்து ஆளாக இறந்தால் என்ன? பிள்ளைகளின் படிப்பைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்கு மருந்து வாடை படாத வேலை, பெரும்பாலும் அச்சகத்தில், வாங்கித் தரும். தலைவர் மாலையோடு வீட்டுக்கு வந்து நிற்பார். எழவு வீட்டில் கம்பெனி மாலை விழுந்ததா என்று இங்கே எல்லோரும் பார்ப்பார்கள். அந்த மாலைதான் இவள் எங்கள் ஆள் என்று ஊருக்குச் சொல்வது.

என் காலத்தில் குமாஸ்தா கூடப் போவது நின்றுபோயிருந்தது. போன் வந்துவிட்டதே. இரண்டு ஆலைக்கும் போன் போட்டு, இன்னார் வருகிறார், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் தீர்ந்தது.

பிறகு விதிமுறைகளைப் புதிதாக அச்சடிக்க வேண்டுமென்றார்கள். ஊதா மைப் புத்தகத்தைப் பார்த்து நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வக்கீல் ஒருவர் படித்துத் திருத்தினார். அந்த வரியில் வந்து நின்று, "இது சட்டமா, யாருக்கோ வாக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கே, எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கம் ஒன்று மிச்சமானதில் சந்தோஷம்கூடப் பட்டேன்.

எந்தப் பக்கம்?

முத்துமாரி அதற்கு முன்னால் வேலை பார்த்த ஆலை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு கொட்டகை எரிந்து, ஆள்சேதமில்லாமல் தப்பித்து, லைசென்ஸ் நின்றுபோயிருந்தது. அங்கிருந்தவர்களை நாலைந்து நாளாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலைக்கு எழுதினேன்.

அவள் போனதும் பழைய ஆலைக்குப் போன் போட்டு, "முத்துமாரியை அனுப்பியாச்சு" என்றேன். அவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள். தாயில்பட்டிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிகிற நேரம், அப்படித்தான் இருக்கும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு போடலாம் என்று வேறு வேலையில் உட்கார்ந்தேன். அவசர வேலை ஒன்றுமில்லை. உறைகளில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஜன்னல் கண்ணாடி ஒரு முறை அடித்துக்கொண்டது. கீழே மிஷினை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் 'என்ன' என்று கேட்பதில்லை. 'எந்தப் பக்கம்?' என்றுதான் கேட்பார்கள். நானும் மொட்டை மாடிக்கு ஏறினேன். தாயில்பட்டிப் பக்கம்தான் புகை எழுந்து நின்றது.

உடனே இறங்கி வந்து நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முத்துமாரி பேரை எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்று போனை எடுத்து அந்த ஆலை நம்பரைப் போட்டேன். அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

பட்டாசு ஆலைக்குள் போனோ பையோ கொண்டு போகக் கூடாது. வாசலில் ஒரு வேப்பமரம். பெண்கள் கூடைகளையும் பைகளையும் அதன் தாழ்ந்த கிளைகளில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். அன்று வெளியே ஓடி வந்தவர்கள் அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மரத்தில் மூன்று பைகள் தொங்கின. அவை யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று வயர்கூடை.

தப்பி வந்த பெண் ஒருத்தி பிறகு சொன்னாள். முத்துமாரி சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசலில் நின்றிருக்கிறாள். போர்மேன் அவசரத்தில் இருந்தாராம். "ஆபீஸ்ல இன்னும் ஆள் வரலம்மா. சீட்டைச் சாயங்காலம் குடு. செலுத்துற ரூம்ல ஒரு ஆள் குறையுது, இன்னைக்கு மட்டும் அங்கன உக்காரு" என்றிருக்கிறார். செலுத்துவது என்றால் வெடிக்குள் மருந்து நிரப்புவது. முதல் நாளே மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. சரிண்ணே என்று சீட்டைத் தூக்குக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, கூடையை மரத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். 'பேக்கிங் வேலை மட்டும்' என்ற என் கையெழுத்து மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சேவும் காபியும்

மற்ற இரண்டு வீடுகளுக்கும் மாலை போயிற்று. முத்துமாரி வீட்டுக்கு யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் கருப்பசாமி ஆபீசுக்கு வந்தார். கூடையிலிருந்து எடுத்த சீட்டை மேஜை மேல் வைத்தார். எண்ணெய் ஊறி ஒரு மூலை கண்ணாடி போல ஆகியிருந்தது.

"பழைய கம்பெனிக்குப் போனேன். அன்னைக்குக் காலைலயே பேரை அடிச்சாச்சு, எங்க ஆள் இல்லங்காக. தாயில்பட்டிக்குப் போனேன். எங்க புஸ்தகத்துல பேரே ஏறல, எங்க ஆள் இல்லங்காக. நீங்க 'நம் ஆள்'னு எழுதியிருக்கீகளாம்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிச்சுச் சொல்லுச்சு. எந்தக் கம்பெனி ஆளாக்கா செத்தா அவ?"

கூட்டத்தில் வைத்துப் பேசிச் சொல்கிறேன் என்றேன். அவர் சீட்டைத் திரும்ப எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கூட்டம் விருதுநகரில் நடந்தது. அந்த நேரம் சங்கத்தின் நிலை சரியில்லை. பெரிய கம்பெனி ஏஜெண்டுகள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் அங்கே போகலாமா என்று யோசனையில் இருந்தார்கள். தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம்; நல்ல மனிதர், என் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கூட்டத்துக்கு முன்னால் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தமிழு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தாயி. நீயா எதையும் எடுத்து வைக்காத. சங்கமே ஆடிக்கிட்டு இருக்கு."

இரண்டு முதலாளிகளும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். "அனுப்பின பெறகு அவ எப்படி எங்க ஆளு?" "பேர் ஏறாம எப்படி எங்க ஆளு?" அச்சடித்த விதிமுறையை ஆளுக்கொன்று விரித்து வைத்துத் தேடினார்கள். சீட்டு வாங்கி வழியில் இருக்கிற ஆள் யாருடையவர் என்று அதில் எங்கும் இல்லை. எப்படி இருக்கும், எடுத்தவள் நான்தானே. மூலையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். ஊதா மைப் புத்தகம் திருத்தங்கல் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பீரோச் சாவி என் கைப்பையில் இருந்தது.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிட, அந்த வரியை எடுத்தது யார், போன் போடாமல் விட்டது யார் என்று பேச்சு என் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயம்தான் பெரிது. சாத்தூர் சேவும் காபியும் வந்தன. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். 'இந்த விஷயத்தில் சங்கத்துக்குப் பொறுப்பில்லை' என்று நானே எழுதினேன்.

கருப்பசாமியிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவர் கோபப்படவில்லை. "அப்ப அவ யாரு ஆளும் இல்ல" என்று மட்டும் சொன்னார். கதவோரம் அவர் மகள் சத்யா பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள்.

சங்கம் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிக்குப் போனார்கள். கடைசியில் பெயர்ப்பலகையைக் கழற்றி, காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டோம். அந்த முதல் புத்தகத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் சேலை மடிப்பில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வேறு யாரும் கேட்கவும் இல்லை.

சாவி

போன புரட்டாசியில் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு ஆலை வேன் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது முத்துமாரி. அப்படியேதான் தோன்றியது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் அலுமினியப் பொடி வெள்ளியாகப் பூசியிருந்தது. வேன் போன பிறகுதான் அது சத்யா என்று எனக்குப் புரிந்தது. அம்மா எதற்குப் பயந்தாளோ அதே வேலைக்கு மகள் போய் வருகிறாள்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கருப்பசாமி கட்டிலில் படுத்திருந்தார். லோடு தூக்கியே இடுப்பு போய்விட்டதாம். "வாங்கக்கா, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே புத்தகத்தை விரித்து அந்த வரியை வாசித்தேன். 'சீட்டு வாங்கின ஆள் போய்ச் சேருகிற வரைக்கும் சங்கத்து ஆள்.' இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இந்தப் புஸ்தகம் அன்னைக்கு எங்கன இருந்துச்சு?"

"ஆபீஸ் பீரோவுல."

"சாவி?"

"என்கிட்டதான் இருந்துச்சு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

சத்யா அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது. தெருமுனை வரை என்னுடன் நடந்து வந்தாள். உள்ளே அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது, நான் யார் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"அக்கா, எங்க அம்மாவுக்கு எழுதுனாப்ல எனக்கும் ஒரு சீட்டு எழுதித் தருவீகளா? மருந்து மட்டும் வேண்டாம்க்கா. பிரஸ்ல எதாச்சும்."

சங்கம் இல்லை. முத்திரையும் இல்லை. என் கையெழுத்தை மதித்து வேலை கொடுக்க இந்த வட்டாரத்தில் ஒரு முதலாளியும் இல்லை. இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீட்டு வேண்டாம்டா. நாளைக்குக் காலைல ரெடியா இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் ஏழரை மணிக்கு அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, எங்கள் பழைய ஆபீசுக்குக் கீழே இருந்த அதே அச்சகத்துக்குப் போனேன். காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை. சீசன் முடிகிற வரைக்கும்தான், அதற்குப் பிறகு உத்தரவாதமில்லை என்று முந்தின ராத்திரி போன் போட்டுக் கேட்டபோதே சொல்லிவிட்டார்கள். மேனேஜர் தெரிந்தவர்.

"நீங்க போங்கக்கா, நான் எழுதிக்கிடுதேன்" என்றார்.

"எழுதுங்க. நான் நிக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடினார். தாள்களுக்கு அடியில் கிடந்தது. வருகைப் புத்தகத்தைப் புரட்டி, அவள் பெயரைக் கேட்டு, எழுதினார். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.